பகடைல 4 சொன்னவங்க

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பேப்பர்ல, யாரும் பாக்கலன்னா எல்லாரும் பொய்தான் சொல்வாங்கன்னு பகடை ஆராய்ச்சிய வச்சு எழுதியிருந்தீங்க. அந்த ஆராய்ச்சி அப்படி சொல்லவே இல்லையே சார். காரைக்குடில பலகாரக் கடை வச்சிருக்கேன், எண்ணிக்கைல பொய் சொல்றத தினமும் பாக்குறவ, அதான் எழுதாம இருக்க முடியல.

சூரிச்ல நடந்தது அது, ஃபிஷ்பாக்கர், ஃபோல்மி ஹாய்சினு ரெண்டு பேரு பண்ணி 2013-ல வெளியிட்டாங்க. தனியா பகடைய உருட்டணும், விழுந்த நம்பர சொன்னா அத்தன சுவிஸ் பிராங்க், 6 விழுந்தா மட்டும் ஒண்ணும் கிடையாது. எவன் புளுகினான்னு கண்டுபிடிக்க வழியே இல்ல, ஆனா ஒவ்வொரு நம்பரும் ஆறுல ஒரு பங்குதான வரணும், அத வச்சு மொத்தமா கணக்கு பாத்துட்டாங்க. 39 சதவீதம் பேர் முழு உண்மை. கூச்சமே இல்லாம முழுசா புளுகினது சுமார் 20 சதவீதம்தான். மிச்ச ஆளுங்கள்ல நெறைய பேருதான் வேடிக்கை, பொய்னு ஆயிப்போச்சு, 5-ன்னே சொல்லி அள்ளிட்டுப் போக வேண்டியதுதான, 4-ன்னு சொல்றாங்க! காசும் வேணும், யோக்கியன் பேரும் வேணும்.

எங்க அப்பத்தா வீட்டு வளவுல, அதாவது உள்முற்றத்துல, உக்காந்து தாயம் ஆடுறப்ப இதேதான். கட்டைய உருட்டிட்டு நாங்க குனிஞ்சு பாக்குறதுக்குள்ள கையில அள்ளிக்கிட்டு "அஞ்சு"ம்பாங்க. பன்னெண்டுன்னு ஒருநாளும் சொன்னதில்ல.

கடைல பெட்டியடிக்கு பக்கத்துல ஒரு நோட்டு தொங்கும். தட்டுல எடுத்து சாப்பிடுற வாடிக்கக்காரங்க அவங்களே எழுதிக்கணும், மாசக் கடைசில காசு. ராத்திரி எண்ணினா அதிரசம் ஒண்ணு ரெண்டு இடிக்கும். என் கண்ணுல பட்ட வரைக்கும் எழுதாமலே போறவங்க அபூர்வம், அஞ்சு தின்னுட்டு "ஆச்சி, நாலு எழுதிட்டேன்"னு சத்தமா வேற சொல்லிட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி. கேமரா வையின்னு வீட்டுல ஒரே நச்சரிப்பு. ஒரு அதிரசத்துக்கு கேமராவா?

2019-ல இந்த மாதிரி 90 ஆராய்ச்சிய ஒண்ணா சேத்துப் பாத்திருக்காங்க, 47 நாடு, 44 ஆயிரம் பேருக்கு மேல. பொய் சொல்லி எடுத்திருக்கக்கூடிய காசுல சராசரியா முக்கா பங்க ஜனங்க தொடாம விட்டிருக்காங்க. அத நீங்க போடவே இல்ல. பெங்களூரு மாணவர்கள 42 தடவ உருட்டச் சொன்னப்ப ஜாஸ்தி புளுகினவங்களுக்கு அரசு வேல மேல ஆச அதிகம்னு வந்தத மட்டும் கொட்ட எழுத்துல போட்டீங்க, டென்மார்க்ல அதே மாதிரி பாத்தப்ப நேர்மையானவங்கதான் அரசு வேலைக்கு ஆசப்பட்டாங்கங்கறது எங்க போச்சு?

இன்னொண்ணு. படிவத்த நிரப்புறதுக்கு முன்னாடி மேலயே கையெழுத்து வாங்கிட்டா ஜனங்க உண்மை சொல்வாங்கன்னு ஒரு பத்தி எழுதியிருக்கீங்க. 2012-ல வந்த அந்த ஆராய்ச்சில தரவே தில்லுமுல்லுன்னு 2021-ல வாபஸ் வாங்கிட்டாங்க சார். பொய்ய பத்தின ஆராய்ச்சியே பொய்! அந்த பத்திக்காவது ஒரு திருத்தம் போடுங்க, ஓரத்துல சின்னதா இருந்தாலும் பரவால்ல.

இப்படிக்கு,
பலகாரக் கடை ஆச்சி,
காரைக்குடி