‘அண்ணை றைட்’ குரலைக் காத்துத் தந்த உங்களுக்கு: ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர்,

யாழ்ப்பாணத்து வடமராட்சியின் கரவெட்டியிலே 1944ஆம் ஆண்டு பிறந்து, மேடை, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி என்று எந்தக் களத்தில் நின்றாலும் எங்கள் சனத்தின் பேச்சாலேயே எங்கள் சனத்தைச் சிரிக்க வைத்து, 2014 பெப்ரவரி 26ஆம் திகதி கனடாவின் ரொறன்ரோ நகரில் காலமான கலைஞர் அமரர் கே. எஸ். பாலச்சந்திரன் அவர்களை நினைவுகூர்ந்து, எங்கள் சனசமூக நிலையத்தில் கடந்த மாசி மாதம் நடத்திய கண்காட்சியும் ஒலிப்பதிவு கேட்கும் மாலையும் இனிதே நிறைவேறின. அவை நிறைவேறக் காரணமாக இருந்த ஒவ்வொருவருக்கும் நேரில் வந்து நன்றி சொல்வதே முறை. உங்களிற் பலர் இன்று ஊரில் இல்லை. சிலர் பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். ஆகையால் எவருடைய பெயரையும் குறிப்பிடாமல் இம்மடலை எழுதுகிறேன். வாசிக்கும்போது உங்கள் பங்கு எது என்று உங்களுக்குத் தெரியும்.

நினைவுக் கூட்டம் என்றால் ஒரு படமும் ஒரு மாலையும் இரண்டு பேச்சாளர்களும் போதும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நகைச்சுவைக் கலைஞர் ஒருவருக்கு அது போதாது. அவர் எப்படிச் சிரிக்க வைத்தார் என்பதை எத்தனை பேர் எடுத்துச் சொன்னாலும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது ஏறாது. அந்தக் குரலைக் கேட்டால்தான் ஏறும். அந்தக் குரலைத் தேடிப் புறப்பட்ட எங்களுக்கு வழி காட்டியவை உங்கள் அலுமாரித் தட்டுகளும் கட்டிலுக்குக் கீழே கிடந்த தகரப் பெட்டிகளுமே.

முதல் நன்றி, மிகுந்த மரியாதையோடு, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பருத்தித்துறை பஸ் டிப்போவில் வேலை செய்து ஓய்வு பெற்ற கொண்டக்டர் ஐயாவுக்கு. பாலச்சந்திரன் அவர்களுக்குப் பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டுவிட்ட ‘அண்ணை றைட்’ ஒரு தனிநடிப்பு. மேடையிலே பஸ்ஸும் இல்லை, பயணிகளும் இல்லை. ஒரே ஒரு மனிதன் கொண்டக்டராக நின்று பேசப் பேச, ஏறுகிறவர், இறங்கமாட்டேன் என்கிறவர், மிச்சக் காசு கேட்கிறவர், மூட்டையை வைக்க இடம் தேடுகிறவர் எல்லோரும் எங்கள் கண்முன்னே வந்து நெரிசலாய் நிற்பார்கள். இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958இல் தொடங்கியபோது பாலச்சந்திரன் அவர்கள் பதின்ம வயதுப் பையன். அவருடைய இளமைக் காலம் முழுவதும் எங்கள் வீதிகளில் அந்தச் சிவப்பு பஸ்களின் காலம். அவர் கண்டு கேட்டு மனதில் வைத்துக்கொண்டது என்ன என்பதை எங்களுக்கு விளங்க வைத்தவர் இந்த ஐயாதான். 750ஆம் இலக்க பஸ்ஸிலே பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே வருடக்கணக்காக ஓடியவர் அவர். தன்னுடைய தோல் காசுப் பையைக் கண்காட்சிக்குத் தந்ததோடு நில்லாமல், அன்று மாலை முழுவதும் அதன் அருகிலே நின்று, கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். பின் கதவடியில் நின்று சாரதிக்குக் குரல் கொடுக்கும்போது ‘றைட்’ என்ற சொல்லின் இழுவை இடத்துக்கு இடம் எப்படி மாறும் என்று அவர் சொல்லிக் காட்டினார்: கிழவி ஒருவர் ஏறி முடிக்கும் வரை இழுபடுகிற ‘றைட்’ ஒன்று, பின்னால் தனியார் மினிபஸ் துரத்தி வருகிறபோது வெட்டென்று விழுகிற ‘றைட்’ இன்னொன்று. அதைக் கேட்ட பிறகு ஒலிப்பதிவைப் போட்டோம். நடிகர் இரண்டையும் சரியாகப் பிரித்து வைத்திருந்ததைச் சபை கண்டுகொண்டது. அவ்வளவு கூர்மையாகக் கேட்ட காது அவருடையது. கொண்டக்டர் ஐயா இல்லாவிட்டால் அதை நாங்கள் வெறும் பகிடி என்று கடந்து போயிருப்போம்.

அடுத்து, அந்த ஒலிப்பதிவைத் தந்த அக்காவுக்கு. 1987 மே மாத இராணுவ நடவடிக்கையின்போது வடமராட்சியிலிருந்து ஓடிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பின்னர் வலிகாமத்தில் குடியிருந்து, 1995 ஒக்ரோபர் இறுதியில் போரால் இடம்பெயர்ந்த எல்லோரோடும் சேர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தவர்களும் அவர்களே. நகையும் காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் இருந்த பைக்குள் பழைய பிஸ்கற் தகரம் ஒன்றில் ஐந்தாறு கசெற்றுகளையும் அவருடைய தகப்பனார் வைத்திருந்தாராம். அவற்றிலே ஒன்றில் வானொலியிலிருந்து பிடித்த பாலச்சந்திரன் அவர்களின் குரல் இருந்தது. தொண்ணூறுகளிலே மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் அந்தக் கசெற்றைக் கேட்டதை அக்கா எங்களுக்கு விவரித்தார். சுற்றுகிறவர் சிரித்தால் கை தளரும், கை தளர்ந்தால் குரல் இழுபடும், அதற்காகவே சிரிப்பை அடக்கிக்கொண்டு சுற்றக்கூடிய ஆளைப் பார்த்து உட்கார வைப்பார்களாம். குண்டுக்கும் பசிக்கும் நடுவே ஒரு வீட்டாரைக் கூட்டி உட்கார வைத்துச் சிரிக்க வைத்த கலைஞனுக்கு இதைவிடப் பெரிய விருது கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அக்கா, உங்கள் ஐயாவின் கைப்பட்ட அந்தத் தகரத்தை எங்களை நம்பித் தந்தீர்களே, அதற்கு எங்களிடம் கைம்மாறு இல்லை.

அந்தக் கசெற் வந்து சேர்ந்தபோது பூஞ்சணம் பிடித்திருந்தது. உள்ளே நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுத் துண்டு கழன்று விழுந்திருந்தது. ஓட விட்டிருந்தால் நாடா அறுந்திருக்கக்கூடும். நெல்லியடியில் கைத்தொலைபேசி திருத்தும் தம்பி ஒருவர், கடை பூட்டிய பிறகு இரவிலே இருந்து, நாடாவை அப்படியே எடுத்து வேறொரு நல்ல கூட்டுக்குள் மாற்றி, ஸ்பிரிற் தொட்ட பஞ்சால் ஓட்டும் கருவியின் தலையைத் திரும்பத் திரும்பத் துடைத்து, ஒரே ஓட்டத்தில் கணினிக்கு ஏற்றித் தந்தார். ஒரு சதமும் வாங்கவில்லை. இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள் அவரிடம் இருந்தும் அதை அளவோடுதான் பாவித்தார். ஏனென்று கேட்டதற்கு, அந்தப் பதிவிலே வானொலிக்கு வெளியே இன்னொரு சத்தம் இருக்கிறது, அதை அழிக்க மனம் வரவில்லை என்றார். உண்மைதான்: வானொலிப் பெட்டிக்கு முன்னால் பதிவுக் கருவியை வைத்துப் பிடித்தபடியால், நடிகரின் பேச்சுக்கு நடுவே வீட்டார் சிரிப்பதும், ஒரு பெண்குரல் ‘சத்தம் போடாதையுங்கோ’ என்று அதட்டுவதும் கேட்கின்றன. அந்தக் குரல் தன் தாயாருடையது என்று அக்கா சபையிலே எழுந்து சொன்னார். அந்தத் தம்பியின் பொறுமைக்கும் நிதானத்துக்கும் எங்கள் நிலையம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

வானொலி நாடகங்களைப் பற்றி அன்று பேசிய ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் எங்கள் வணக்கம். எங்கள் நகைச்சுவை ஒரே நாளில் முளைத்ததல்ல என்பதை அவர் அழகாக எடுத்துரைத்தார். இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’, ‘சானா’ சண்முகநாதனின் ‘இலண்டன் கந்தையா’ ஆகியவை யாழ்ப்பாணப் பேச்சை வானொலிக்குள் கொண்டுவந்து வைத்த வழியிலேதான் பாலச்சந்திரன் அவர்களும் நடந்தார். சில்லையூர் செல்வராசன் அவர்களின் ‘தணியாத தாகம்’ தொடரிலே அவர் நடித்தபோது அந்த நேரத்துக்கு வீதியில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும் என்று எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அது சிரிப்புத் தொடரல்ல, குடும்பத்தின் துயரம். பின்பு அவரே எழுதி நடித்த ‘வாத்தியார் வீட்டில்’ முழுக்கச் சிரிப்பு. அழ வைக்கத் தெரிந்தவருக்கே சிரிப்பின் அளவும் தெரியும் என்று ஆசிரியர் சொன்னதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். பாலச்சந்திரன் அவர்களின் பாத்திரங்கள் எவரையும் கேவலப்படுத்தியதில்லை. ஏழையின் உடுப்பையோ, உடற்குறையையோ, சாதியையோ வைத்துச் சிரிப்புத் தேடுவது இலகு. அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

திரைப்படத்தைப் பற்றிச் சுருக்கமாகவே காட்ட முடிந்தது. செங்கை ஆழியானின் நாவலை பிரேம்நாத் மொறாயஸ் இயக்கி 1978இல் வெளியான ‘வாடைக்காற்று’, அதன் பின் ‘அவள் ஒரு ஜீவநதி’, ‘நாடு போற்ற வாழ்க’ என்று ஈழத்துத் தமிழ்ப் படங்கள் சிலவற்றில் அவர் நடித்தார். தென்னிந்தியப் படங்கள் திரையரங்குகளை நிறைத்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் படங்களுக்குக் கிடைத்த நாட்கள் சொற்பம். சம்பளம் அதைவிடச் சொற்பம். ஆயினும் அழைத்தால் போய் நின்றவர் அவர். பழைய விளம்பரத் துண்டுகளையும் பத்திரிகை நறுக்குகளையும் பசை காய்ந்த கொப்பியோடு அப்படியே தந்துதவிய பருத்தித்துறை அன்பருக்கும், பழைய இதழ்களை எண்ணிமப்படுத்தி எவரும் எங்கிருந்தும் வாசிக்க வைத்திருக்கும் ‘நூலகம்’ இணையத் தளத்தின் தொண்டர்களுக்கும் நன்றி.

புலம்பெயர்ந்த பின்னும் அவர் ஓயவில்லை. கனடாவிலே தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களிலும், அங்குள்ள எம்மவர் எடுத்த படங்களிலும் நடித்தார். தன் கலைவாழ்வின் நினைவுகளை ‘நேற்றுப் போல இருக்கிறது’ என்ற நூலாகவும், கடலோடு போராடுகிறவர்களின் வாழ்வை ‘கரையைத் தேடும் கட்டுமரங்கள்’ என்ற நாவலாகவும் எழுதினார். பனிக்குளிரில் இருந்துகொண்டு கட்டுமரத்தைப் பற்றி எழுதிய அந்த மனதை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த இரண்டு நூல்களையும் அங்கிருந்து தபாலில் அனுப்பி வைத்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளே, நீங்கள் காசு அனுப்பிய நேரங்களைவிட இந்த முறை நாங்கள் கூடுதலாக மகிழ்ந்தோம். இரண்டு நூல்களும் இப்போது நிலையத்தின் வாசிப்பு மேசையில் இருக்கின்றன. நாவலை வாசிக்க முறை வைத்துக் காத்திருக்கிறார்கள்.

அன்று மாலை மேடையேறித் தனிநடிப்புச் செய்த உயர்தர வகுப்பு மாணவியை இங்கே குறிப்பிடாமல் விடமுடியாது. பழைய நிகழ்ச்சியைப் பார்த்தபடி நடிப்பார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவரோ சந்தையில் மரக்கறி விற்கும் தன் அம்மம்மாவின் பேச்சைக் கேட்டுக் கேட்டு, தானே எழுதி நடித்தார். அம்மம்மா முன்வரிசையில் இருந்து, தன் சொற்கள் மேடையிலிருந்து திரும்பி வருவதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பிள்ளையைப் பழக்கிய ஆசிரியைக்கும், ஒப்புதல் தந்த பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி.

பந்தல் போட்ட இளைஞர்கள், கதிரை தந்து உதவிய அயல் நிலையத்தார், ஒலிபெருக்கிக்காரர், தேநீரும் வடையும் சுட்டுத் தந்த மாதர் சங்கத்து அம்மாமார், மழை வரப் போகுது என்று கண்டதும் காட்சிப் பலகைகளைத் தூக்கி உள்ளே வைத்த அயலவர்கள் அனைவருக்கும் நன்றி உரித்தாகுக.

கண்காட்சிக்குத் தந்த கசெற்றுகள், படங்கள், கொப்பி, காசுப் பை ஆகிய அனைத்தும் பட்டியலின்படி சரிபார்க்கப்பட்டு, பங்குனி முடிவதற்குள் உரியவர் கையில் நேரிலே ஒப்படைக்கப்படும். ஒலிப்பதிவுகளின் பிரதியொன்றை நிலையத்தில் வைத்திருக்கிறோம். வாசிகசாலை நேரத்தில் எவரும் வந்து கேட்கலாம். உங்கள் வீடுகளில் இன்னும் பழைய நாடாக்கள் இருக்குமாயின், ஓட விட்டுப் பார்க்காமல் அப்படியே எங்களிடம் கொண்டுவாருங்கள், அல்லது ஒரு சொல் சொல்லி விடுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
என்றும் நன்றியுடன்,
செயலாளர்,
சனசமூக நிலைய நிர்வாக சபையினர் சார்பில்,
வடமராட்சி, யாழ்ப்பாணம்.