குத்தகை விவசாயிகளுக்குப் புயல் நிவாரணத்தை அவர்கள் பெயரிலேயே வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
தென்பெண்ணை ஆற்றங்கரைக் குத்தகை விவசாயிகள்

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் பயிர் இழந்த குத்தகை விவசாயிகளுக்கு நிவாரணத் தொகை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர் நாளில் நாங்கள் முன்னர் அளித்து, இதுவரை முறையான பதில் பெறாத மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததையும், அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்து எங்கள் வயல்களுக்குள் புகுந்ததையும் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஆற்றோரப் பாதையில் சென்றவர் எவருக்கும் எங்கள் நிலங்களின் நிலை தெரியும். ஆகவே நேராக எங்கள் குறைக்கு வருகிறோம்.

1. 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமடைந்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஏக்கருக்கு 7,000 ரூபாய்கூட வராத தொகைதான் என்றாலும், அடுத்த போகத்துக்கு விதை நெல்லும் உழவுக் கூலியும் ஆகும் என்று நம்பியிருந்தோம்.

2. அந்தத் தொகை பட்டாதாரர்களின் வங்கிக் கணக்குக்குச் சென்றுவிட்டது. எங்களில் பலருக்கு நிலம் விட்டவர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். நாற்றங்கால் விட்டது முதல் நடவு, களையெடுப்பு, மேலுரம் வரை நகையை அடகு வைத்துச் செலவு செய்தவர்கள் நாங்கள். பயிர் பொதிகட்டும் பருவத்தில் தண்ணீருக்குள் அழுகியதைப் பார்த்து நின்றவர்களும் நாங்கள்தான். கணக்கெடுக்க வந்த அலுவலர்களை வரப்பு வரப்பாக அழைத்துச் சென்று காட்டியதும் நாங்களே. அப்போது எங்களிடம் பயிரைப் பற்றிக் கேட்டவர்கள், பணம் என்று வந்தபோது பட்டா யார் பெயரில் என்று கேட்கிறார்கள். நில உரிமையாளரிடம் சென்று கேட்டால், "அரசு என் கணக்கில்தானே போட்டது" என்கிறார். சிலர் அந்தத் தொகையைக் குத்தகைப் பாக்கியில் கழித்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள். வெள்ளம் வந்த ஆண்டுக்கும் குத்தகை நெல் அளந்தாக வேண்டும் என்றால், ஐயா, எந்த நெல்லை அளப்பது?

3. ஆற்றோர வயல்களில் மணல் இன்னும் அப்படியே கிடக்கிறது. வாய்க்கால் ஓரத்தில் முழங்கால் உயரம். வரப்பு எங்கே இருந்தது என்று குச்சியால் குத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம். 3 அங்குலத்துக்கு மேல் மணல் படிந்த நிலத்துக்கு, சிறு, குறு விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் வழங்கலாம் என்று பேரிடர் நிவாரண நிதி விதியிலேயே இருக்கிறது. அதற்கும் பட்டா கேட்கிறார்கள்.

4. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையை ஏன் பதிவு செய்யவில்லை என்று எங்களைக் கேட்கிறார்கள். வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்பவன் பதிவுக்கு மனு கொடுத்தால் அடுத்த போகத்தில் அவனுக்கு நிலம் இருக்காது. இது எங்கள் ஊரில் மட்டுமல்ல, வருவாய்த் துறையில் பணிபுரியும் எவருக்கும் தெரிந்த உண்மை. தெரிந்துகொண்டே கேட்பது எங்களுக்கு வேதனையாக இருக்கிறது.

5. முன்னர் அளித்த மனுக்களுக்கு, "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒரு வரியைத் தவிர எங்களுக்கு எதுவும் வரவில்லை. எங்கே அனுப்பப்பட்டது, யார் மேசையில் இருக்கிறது என்று சொல்லக்கூட ஆளில்லை.

நாங்கள் சலுகை கேட்கவில்லை, ஐயா. பயிரை இழந்தவனுக்குப் பயிர் நிவாரணம் கொடுங்கள் என்றே கேட்கிறோம். பயிர் செய்தவர் யார் என்பது கிராமத்தில் யாருக்கும் மறைவானதல்ல. ஒரு நாள் ஊரில் விசாரணை வைத்து, அக்கம்பக்கத்து விவசாயிகளின் வாக்குமூலத்தைப் பெற்று, உண்மையில் சாகுபடி செய்தவர் பெயரை அடங்கல் என்னும் கிராமப் பயிர்க் கணக்கில் பதியச் செய்யுங்கள். அதன்படி, விடுபட்ட பயிர் நிவாரணத்தையும் மணல் அகற்றும் தொகையையும் எங்கள் கணக்கில் செலுத்த உத்தரவிடுமாறு மிகவும் பணிவுடன் வேண்டுகிறோம். அடுத்த சம்பா நடவுக்கு முன் இந்தத் தொகை வந்தால்தான் நிலத்தில் இறங்க முடியும் என்பதால், இம்முறையாவது எழுத்து மூலம் பதில் அளிக்குமாறு மீண்டும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குத்தகை விவசாயிகள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் இணைக்கப்பட்டுள்ளன)