பாலத்தில் நின்று அள்ளிய ஒரு பாட்டில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் சிலாங்கூரில் உள்ள எங்கள் பத்து ஆராங் ஊரின் பழைய நிலக்கரிக் குழிகளைப் பற்றிய கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். கடைசிப் பத்தியில், ‘ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் கவலைப்பட ஒன்றுமில்லை’ என்று ஒரு வரி. மூன்று நாளாக அது மனதை விட்டுப் போகவில்லை.

நான் தோட்டத்து ரப்பர் ஆலையின் ஆய்வறையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ரப்பர் பாலை உறைய வைத்த பிறகு வடியும் ஆசிட் தண்ணீர் சில சமயம் குடிக்கலாம்போல் தெளிவாக இருக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். நிலக்கரியோடு பைரைட் என்கிற இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது கிடந்தால், காற்றும் தண்ணீரும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகும். அந்த அமிலத்தில் இரும்பு கரைந்தே வரும், கண்ணில் படாது. நல்ல தண்ணீரோடு கலந்த பிறகுதான் கல்லின்மேல் செம்மஞ்சளாகப் படியும். இதையெல்லாம் அளக்காமல் ‘ஒன்றுமில்லை’ என்று எப்படி ஐயா எழுத முடியும்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓடைத் தண்ணீரைச் சோதிக்க ஒருவர் வந்தார். நல்ல வெயில் நேரம். பாலத்தில் நின்று ஒரு பாட்டில் அள்ளினார். குழிக்கு மேலே ஓர் இடத்திலும் கீழே ஓர் இடத்திலும் எடுத்தால்தானே ஒப்பிட முடியும், ஓட்டத்தையும் அளக்க வேண்டாமா என்று கேட்டேன். “எங்க வேலை எங்களுக்குத் தெரியும் அங்கிள்” என்றார். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை ஓட்டத்தோடு பெருக்கினால்தான் ஒரு நாளில் ஆற்றுக்கு எவ்வளவு போகிறது என்று தெரியும். நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையில்தான் சேர்ந்து கிடந்ததெல்லாம் அடித்துக்கொண்டு வரும். அந்த மழையில் வந்து அள்ளியவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீட்டில் ஆறு அளவுகள் உண்டு. பிஎச் இருக்கிறது, இரும்பும் சல்பேட்டும் இல்லை. சுரங்கத் தண்ணீருக்கு அது எப்படிப் போதும்?

என் அப்பா தோட்டத்து ஆபீசில் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவார். தோட்டம் கைமாறியபோது அத்தனை நோட்டையும் போட்டு எரித்தார்கள். அந்த வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் அந்த ஓடையில்தான் துணி துவைத்தார்கள். அப்போதும் அதைச் சோதிக்க யாரும் வரவில்லை. 1915 முதல் 1960 வரை இங்கே கரி வெட்டியவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு சரியான அளவைச் சொல்ல ஆள் இல்லையா?

அடுத்த முறை எங்கள் தண்ணீரைப் பற்றி எழுதும்போது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எடுத்தது, முந்தின நாள் மழை பெய்ததா, பிஎச் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். சென்ற ஆண்டு நான் எழுதிய கடிதத்தில் பாதியை வெட்டிவிட்டீர்கள். இதையாவது முழுதாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட ஊழியர்,
பத்து ஆராங், சிலாங்கூர்