கிளிக் விழவே இல்லை, லாகில் மட்டும் 'வெற்றி'

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஆட்டோமேஷன் மென்பொருளின் தவறான லாக், கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

ஆள் செய்யும் கிளிக்கையும் டைப்பையும் தானே செய்யும் உங்கள் மென்பொருளுக்கு ஓராண்டு உரிமம் வாங்கி 4 மாதம் ஆகிறது. எங்கள் பழைய ஸ்டாக் புரோகிராமில் தினமும் பதிவு ஏற்றும் வேலையை அதனிடம் விட்டிருந்தேன். போன வாரம் மானிட்டர் மாற்றியதில் விண்டோஸ் ஸ்கேலிங் (திரையில் எழுத்து, பட்டன்களின் அளவு) 100-லிருந்து 125 சதவீதமானது. அன்று இரவு ஓடிய ஸ்கிரிப்டின் லாகில் (செய்ததைக் குறித்து வைக்கும் கோப்பில்) 43 வரியும் 'வெற்றி'. காலையில் திறந்தால் ஒரு பதிவுகூட ஏறவில்லை.

திரும்ப ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கட்டத்துக்குக் கட்டம் டேப் கீயில் போவதால் டைப் ஆவதெல்லாம் சரி. ஆனால் திரையில் 640, 412 என்ற புள்ளியில் இருந்த 'சேமி' பட்டன் 800, 515-க்கு நகர்ந்திருந்தது. பழைய புள்ளியில் இப்போது இருப்பது 'புதிது' பட்டன். படிவத்தை அழகாக நிரப்புகிறது, 'புதிது' பட்டனை அமுக்கி நிரப்பியதைத் தானே துடைக்கிறது, பிறகு 'வெற்றி' என்று எழுதிக்கொள்கிறது.

பட்டன், கட்டம் போன்ற 'கன்ட்ரோலை அடையாளம் கண்டு இயக்கும்' என்பது உங்கள் விளம்பரம். அந்தப் பட்டனுக்கு ஆட்டோமேஷன் ஐடி, அதாவது மென்பொருள் அதை அடையாளம் காண்பதற்கான பெயர், இருக்கிறது. மைக்ரோசாப்டின் இன்ஸ்பெக்ட் கருவியில் நானே பார்த்தேன். நான் செய்துகாட்டுவதைப் பதிந்துகொள்ளும் உங்கள் ரெக்கார்டர் அதைச் சீண்டவே இல்லை, புள்ளியை மட்டும் குறித்து வைத்திருக்கிறது.

உதவிப் பிரிவில் கேட்டால், கிளிக்குக்கு முன் 5 நொடி டிலே வைக்கச் சொல்கிறார்கள். தப்பான இடத்தில் நிதானமாகக் கிளிக் செய்தால் மட்டும் சரியாகிவிடுமா?

இன்னொன்றும் உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையில் ஓடும் புரோகிராமுக்கு, சாதாரண உரிமையில் ஓடும் உங்கள் மென்பொருள் அனுப்பும் கிளிக் போய்ச் சேராது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே உள்ள தடுப்பு அது. தடுத்ததாக விண்டோஸ் சொல்லவும் செய்யாது. அதனால் கிளிக்கை அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. சேமித்த தகவல் பெட்டி வந்ததா, கட்டத்தின் மதிப்பு மாறியதா என்று பார்த்த பிறகுதானே 'வெற்றி' எழுத வேண்டும்? பிழை என்று காட்டி நின்றிருந்தால் முதல் பதிவிலேயே பிடித்திருப்பேன்.

15 நாளுக்குள் ரெக்கார்டரையும் லாகையும் சரிசெய்து தாருங்கள். முடியாவிட்டால் மீதி 8 மாதத்துக்கான கட்டணத்தைத் திருப்பி அனுப்புங்கள். லாக் கோப்பும், திரையைப் பதிவு செய்த வீடியோவும் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து இதை அதே உதவிப் பிரிவுக்குத் தள்ளிவிடாதீர்கள். 5 நொடி டிலே ஏற்கெனவே வைத்துப் பார்த்தாகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்