46 மணி நேரத்துக்கான கூலி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். குழந்தை பார்த்துக்கொண்ட வீட்டிலிருந்து உனக்கு இன்னும் வராத கூலியைப் பற்றி நேற்றிரவு தொலைபேசியில் பேசுகையில் நீ "720 டாலர்தானே அம்மா, விட்டுவிடலாம்" என்றபோது நான் பதில் பேசாமல் இருந்தது உன் முடிவை ஏற்றுக்கொண்டதால் அல்ல. உன் குரலில் இருந்தது பெருந்தன்மையா, அலுப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. வாயால் சொல்லப் போனால் பாதியிலேயே கோபம் வந்துவிடும் என்பதால், சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆறு வாரங்கள், செவ்வாயும் வியாழனும் பிற்பகல் 3.30 முதல் 6.30 வரை அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாய். அது 36 மணி நேரம். அதற்கு மேல் இரண்டு சனிக்கிழமை இரவுகளில் ஐந்தைந்து மணி நேரம் இருந்தாய். மொத்தம் 46 மணி நேரம். மணிக்கு 20 டாலர் என்று அந்தத் தாய் குறுஞ்செய்தியிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். 920 டாலரில் 200 வந்திருக்கிறது, 720 வரவில்லை. நீ இதைக் கடன் என்றும் உதவி என்றும் மாற்றி மாற்றிச் சொன்னாய். இரண்டும் இல்லை, இது நீ செய்து முடித்த வேலைக்கான கூலி.

என் கதை ஒன்றை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முன், இதே கலிஃபோர்னியாவில், ஒரு வீட்டில் மூன்று மாதங்கள் குழந்தை பார்த்துக்கொண்டேன். எல்லாம் வாய்ப்பேச்சுதான். முதல் மாதம் ஒழுங்காகக் கொடுத்தார்கள், இரண்டாம் மாதம் பாதி, மூன்றாம் மாதம் ஒன்றுமில்லை. "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம், நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி அல்லவா" என்றார்கள். கூச்சத்தில் நான் கேட்காமல் நாள் கடத்தினேன். கடைசியில் துணிந்து கோர்ட்டுக்குப் போய், அங்கே இலவசமாக வழிகாட்டும் ஆலோசகரிடம் தாளை நீட்டினேன். அவர் முதலில் கேட்டது தேதியைத்தான். இந்த மாநிலத்தில் வாய்மொழி ஒப்பந்தம் மீறப்பட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும், எழுத்தில் இருந்தால் நான்கு ஆண்டுகள். இரண்டு ஆண்டுக் கெடு முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அந்த ஆலோசகர் இரக்கத்தோடுதான் சொன்னார். ஆனால் நடந்து வீடு திரும்பிய அந்த மாலை எனக்கு இன்னமும் மறக்கவில்லை. பணம் போனதைவிட, நானே மௌனமாக இருந்து அதைப் போகவிட்டேன் என்பதுதான் அதிகம் வலித்தது. உனக்குக் கெடு நிறைய இருக்கிறது, ஆனாலும் காலம் தாழ்த்தாதே.

நீ வேலை செய்த வீட்டிலும் "குடும்பத்தில் ஒருத்தி" என்றுதான் சொல்கிறார்கள் என்று நீ சொன்னாய். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. குழந்தையின் மீது நீ வைத்திருக்கும் பாசம் உண்மையானது என்று எனக்குத் தெரியும். காய்ச்சல் வந்த நாளில் அவனை மடியில் வைத்துக்கொண்டு நீ எனக்குத் தொலைபேசியில் பேசினாயே, அன்றே தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தப் பாசத்தைக் கூலிக்கு ஈடாகக் கழித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது. குழந்தையிடம் உனக்கு எந்த வழக்கும் இல்லை, பெற்றவர்களிடம்தான் இருக்கிறது.

இனி செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். வழக்குக்கு முன் பணத்தைக் கேட்டாக வேண்டும். சிறு வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டின் எஸ்சி-100 என்ற மனுப் படிவத்திலேயே, பிரதிவாதியிடம் பணம் கேட்டாயா என்ற கேள்வி இருக்கிறது. நேரிலோ தொலைபேசியிலோ கேட்டாலும் போதும் என்றாலும், நீ கடிதமாகவே எழுது. வேலை செய்த நாட்கள், மணி நேரம், ஒப்புக்கொண்ட விகிதம், வந்த தொகை, வர வேண்டிய தொகை, எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பது, தராவிட்டால் வழக்குத் தொடுப்பாய் என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். இரண்டு வாரம் கெடு கொடு. பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் கடிதத்தின் நகலையும் பத்திரப்படுத்து. கோபமான சொல் ஒன்றுகூட வேண்டாம். முக்கியமாக, "ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவேன்", "போலீசுக்குப் போவேன்" என்ற மிரட்டல் வந்துவிடக் கூடாது. அந்த ஒரு வரியால் குற்றம் உன் பக்கம் திரும்பிவிடும். அந்தக் கடிதத்தை ஒரு நாள் நீதிபதி படிப்பார் என்று நினைத்துக்கொண்டே எழுது. வீட்டில் வருமானம் குறைந்துவிட்டது, தவணையாகத் தருகிறோம் என்று அவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள், ஆனால் தேதியும் தொகையும் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏற்றுக்கொள்.

ஆதாரங்களை இன்றே சேர்க்கத் தொடங்கு. "இன்று வர முடியுமா", "6.30 ஆகிவிடும், மன்னிக்கவும்" என்று அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாமே உன் வேலை நேரத்துக்குச் சாட்சி. தேதி தெரியும்படி ஒவ்வொன்றையும் படம் பிடித்து அச்செடு. கைபேசியை நீட்டி நீதிபதியிடம் தேடிக் காட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. 200 டாலர் வந்ததற்கான வங்கிப் பதிவை மறைக்காமல் மேலேயே வை. அவர்கள் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள் என்பதே, கூலிக்குப் பேசி வேலைக்கு வைத்தார்கள் என்பதற்கு நல்ல ஆதாரம். மணிக்கணக்கை ஒரு பக்கத்தில் அட்டவணையாக்கு. ஒன்றை மட்டும் செய்யாதே: தொலைபேசி உரையாடலை அவர்களுக்குத் தெரியாமல் பதிவு செய்யாதே. அந்தரங்கமான பேச்சைப் பதிவு செய்ய இந்த மாநிலத்தில் பேசுகிற எல்லோருடைய சம்மதமும் வேண்டும், மீறுவது குற்றம்.

மாநிலத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் கட்டணமே இல்லாமல் ஊதியப் புகார் கொடுக்கும் வழியும் உண்டு. பெரிய தொகையாக இருந்தால், அல்லது மாதக்கணக்கில் முழுநேர வேலையாக இருந்தால், அந்த வழியைத்தான் நான் சொல்லியிருப்பேன். ஆனால் அங்கே விசாரணைக்கு வரவே பல மாதங்கள் ஆவது வழக்கம். உன்னுடையது சின்னக் கணக்கு, தெளிவான கணக்கு. அதற்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் போதும் என்பது என் எண்ணம். தனிமனிதர் அங்கே 12,500 டாலர் வரை கேட்கலாம். 1,500 டாலர் வரையிலான வழக்குக்குக் கட்டணம் 30 டாலர். அதையும் கட்ட முடியாத நிலை என்றால் விலக்குக் கேட்க எஃப்டபிள்யூ-001 என்ற படிவம் இருக்கிறது. அவர்கள் வசிக்கும் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது), நீ வேலை செய்ததும் அங்கேதான் என்பதால், தாராளமாகத் தாக்கல் செய்யலாம். தாய், தந்தை இருவரும் சேர்ந்துதான் உன்னை வேலைக்கு வைத்தார்கள், ஆகவே இருவரையும் பிரதிவாதிகளாகச் சேர். அடையாள அட்டையில் இருப்பது போன்ற முழுப் பெயர் வேண்டும். செல்லப் பெயரில் தீர்ப்பு வாங்கினால் பிறகு வசூலிக்க முடியாமல் தவிப்பாய். மனு கொடுத்ததிலிருந்து 20 முதல் 70 நாட்களுக்குள் விசாரணைத் தேதி விழும்.

பலர் இடறி விழுவது அதற்கு அடுத்த படியில்தான், ஆகையால் இதை இரண்டு முறை படி. வழக்குத் தாள்களை நீ உன் கையால் அவர்களிடம் கொடுக்கக் கூடாது. 18 வயது நிறைந்த, வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவர் கொடுக்க வேண்டும். உன் அறைத்தோழி கொடுக்கலாம், கட்டணம் கட்டினால் கவுண்டியின் காவல் அதிகாரியான ஷெரீப்பின் அலுவலகத்தார் கொடுப்பார்கள். நேரில் கொடுப்பதானால், அவர்கள் அதே கவுண்டியில் இருப்பதால், விசாரணைக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பு கொடுத்தாக வேண்டும். இருவருக்கும் தனித்தனிப் பிரதி. கொடுத்தவர் எஸ்சி-104 படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும், அது விசாரணைக்கு ஐந்து நாட்களுக்கு முன்பாவது கோர்ட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். கோர்ட் எழுத்தர் வழியாகத் தபாலில் அனுப்பும் வசதியும் இருக்கிறது, மலிவுதான். ஆனால் பிரதிவாதியே கையெழுத்திட்டு வாங்கினால்தான் செல்லும் என்பதால் நான் அதை நம்ப மாட்டேன். தாள் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றால் எவ்வளவு நியாயமான வழக்கும் அன்று நடக்காது.

விசாரணையை நினைத்துத்தான் நீ பயப்படுகிறாய் என்று நினைக்கிறேன். அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது, நீங்களேதான் பேச வேண்டும். அவர்கள் நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள் என்றெல்லாம் நீ சொன்னாய். அந்த மேசையின் முன்னால் அதற்கு எடை இல்லை. கிடைப்பது சில நிமிடங்கள்தான், ஆகவே முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடு: "46 மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டேன், மணிக்கு 20 டாலர் என்பது ஒப்பந்தம், 200 வந்தது, 720 வரவில்லை." அதன் பிறகு அட்டவணையையும் குறுஞ்செய்திகளையும் கொடு. அவர்களைப் பார்த்துப் பேசாதே, நீதிபதியைப் பார்த்துப் பேசு. விளக்கு உடைந்தது, தாமதமாக வந்தாய் என்று அவர்கள் ஏதாவது கிளப்பலாம், எதிர்வழக்கே கூடப் போடலாம். நடந்ததை நடந்தபடி சொல். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் நீ 20 நிமிடம் தாமதமாகப் போனது உண்மைதானே. அதை நீயே அட்டவணையில் கழித்துக் காட்டிவிடு, கேட்கும் தொகையும் அதற்கேற்பச் சில டாலர் குறையட்டும். பிறகு அவர்கள் அதைப் பிடித்துத் தொங்க முடியாது.

தோற்றால் வழக்குப் போட்டவர் மேல்முறையீடு செய்ய முடியாது, பிரதிவாதிக்கு மட்டும் 30 நாள் அவகாசத்தோடு அந்த உரிமை உண்டு. உன்னைக் கலங்கடிக்க இதைச் சொல்லவில்லை. ஒரே ஒரு வாய்ப்புக்காகத்தான் இத்தனை தயாரிப்பு என்று நீ புரிந்துகொள்ள வேண்டும்.

வென்றால் அன்றே பணம் கைக்கு வந்துவிடும் என்று எண்ணிவிடாதே. கோர்ட் தீர்ப்புத்தான் தரும், வசூலிப்பது உன் பொறுப்பு. 720 டாலரோடு மனுக் கட்டணத்தையும் தாள் கொடுத்த செலவையும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், மறக்காமல் கேள். அவர்கள் மேல்முறையீடும் செய்யாமல் பணமும் கட்டாமல் 30 நாள் ஓட்டிவிட்டால், தங்கள் சொத்து விவரத்தை எழுதி உனக்குத் தர வேண்டிய கடமை அவர்களுக்கு வரும். பிறகு கோர்ட்டிலிருந்து ஆணை வாங்கி, ஷெரீப் வழியாகச் சம்பளத்திலோ வங்கிக் கணக்கிலோ பிடிக்கலாம். தீர்ப்பு 10 ஆண்டுகள் செல்லும். அந்தத் தாய் எங்கே வேலை பார்க்கிறார், எந்த வங்கியிலிருந்து 200 டாலர் வந்தது என்பதையெல்லாம் இப்போதே ஒரு தாளில் குறித்து வை. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது என்றே நினைக்கிறேன். கோர்ட் முத்திரையோடு தாள் வீடு தேடி வந்ததும் எடுத்துக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஒவ்வொரு கவுண்டியிலும் ஸ்மால் கிளெய்ம்ஸ் வழக்குகளுக்கு இலவச ஆலோசகர் உண்டு. திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் அவர்களை அழைத்துப் பேசு. கோரிக்கைக் கடிதத்தின் வரைவை ஞாயிறு இரவுக்குள் எனக்கு அனுப்பு, நான் மொழியைத் தொடாமல் கணக்கை மட்டும் சரிபார்த்துத் தருகிறேன். விசாரணை நாளில் உனக்காக நான் பேச முடியாது, ஆனால் அந்த அறை பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். தேதி கிடைத்ததும் சொல். விடுப்பு எடுத்துக்கொண்டு முந்தின இரவே பேருந்தில் வந்துவிடுகிறேன், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

என்றும் அன்புடன்,
அம்மா