காலைக் கூட்டத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலை அதிபர்களுக்கு,

வணக்கம். இருபத்தெட்டு ஆண்டுகள் இந்த மாவட்டத்தில் படிப்பித்து இளைப்பாறிய ஆசிரியை நான். இப்போது பேத்தியைக் கூட்டிச்செல்லும் நாட்களில் மதிலுக்கு வெளியே நின்று காலைக் கூட்டத்தைக் கேட்கிறேன். தேவாரமும் செபமும் தேசிய கீதமும் முடிந்த பின் பெரியவர்களின் குரல்தான். அண்மையில் ஒரு காலை, வசதிக் கட்டணம் கட்டாத பிள்ளைகளின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வீதியில் மீன் விற்றுக்கொண்டிருந்தவருக்கும் கேட்டது. அந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு எந்த மனத்துடன் முதலாம் பாடத்தில் இருந்திருப்பார்கள்?

பிந்தி வருவோரை வெளிப்படலையில் நிறுத்துவதும் அப்படித்தான். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் விடியற்காலையில் தகப்பனுடன் வயல்வட்டைக்குப் போய்த் தண்ணீர் கட்டிவிட்டு வரும் பிள்ளை இருக்கிறது. வாவிக்கரையில் பாதை என்னும் மிதவைப் படகு வரும்வரை காத்துநின்று வரும் பிள்ளையும் இருக்கிறது. முதலில் காரணத்தைக் கேளுங்கள். கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடுத்தது. ஊர் கேட்க அவமானப்படுத்துவதும் பிள்ளைக்குத் தண்டனைதானே.

கூட்டம் வேறு விதமாகவும் இருக்கலாம் என்பதைக் கண்டவள் நான். 2004 டிசெம்பர் 26 சுனாமியில் நாவலடியையும் கல்லடிக் கரையையும் கடல் அள்ளிக்கொண்டு போன பிறகு பாடசாலை திறந்த முதல் நாள். வரிசைகளில் இடைவெளிகள் இருந்தன. வழக்கம்போல நெருங்கி நிற்கும்படி சொல்ல எங்களில் எவருக்கும் வாய் வரவில்லை. அதிபர் ஒலிவாங்கிக்கு வந்தார், பேச முடியாமல் நின்றார். பிள்ளைகள் தாங்களாகவே பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மணி அடிக்கவேயில்லை. துக்கத்தைச் சேர்ந்து சுமக்க அன்று அவர்களிடமிருந்துதான் நாங்கள் கற்றோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நற்சிந்தனை என்ற பெயரில் புத்தகத்திலிருந்து எழுதி வந்த இரண்டு வரியைப் பிள்ளை ஒப்புவித்துவிட்டு இறங்குகிறது. ஒருமுறை தரம் 8 மாணவன் ஒருவனிடம், உன் வீட்டில் கண்டதைச் சொல் என்றேன். சினை நண்டு வலையில் பட்டால் அப்பா அதை வாவியிலேயே விட்டுவிடுவார், அன்றைக்குக் கறிக்கு இல்லாவிட்டாலும் விடுவார் என்றான். திக்கித் திக்கித்தான் சொன்னான். மண்டபம் அசையவில்லை. இடைவேளையில் சின்னப் பிள்ளைகள் அவனைச் சூழ்ந்து நண்டைப் பற்றி விசாரித்தார்கள். அதுவரை வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அவன்.

ஆகவே, கட்டண விபரத்தைப் பெற்றோருக்குக் கடிதமாக அனுப்புங்கள். அறிவித்தல்களைப் பலகையில் ஒட்டுங்கள். கச்சான் என்னும் வெப்பக் காற்று அடிக்கும் மாதங்களில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாமல் மரநிழலுக்குக் கொண்டுபோங்கள். அடுத்த தவணையில் வாரத்துக்கு ஒரு காலையாவது ஒலிவாங்கியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மாணவத் தலைவர்களையும் பேச்சுப்போட்டியில் வென்றவர்களையும் விட்டு, கடைசி வரிசையில் நிற்பவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்
கல்லடி