போட்டோஸ்டேட் கடை அக்காவுக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

சுங்கை சிப்புட் நண்பர்களுக்கும், வெளியூரில் இருந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

மணல் போன்ற துகள்கள் எப்படி அசையும் என்று கணினியில் கணக்கிடும் நம் நிரல், நேற்று இரவு எல்லாச் சோதனைகளிலும் தேறியது. அதில் ஈரத் துகள்களின் குவியல் இப்போது சரியாமல் நிற்கிறது. இந்த மூன்று வாரமும் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி போட்டோஸ்டேட் கடை அக்காவுக்கு. நிரலைப் படித்துப் படம் வரையும் டாக்ஸிஜன் என்ற கருவி தந்த கிளாஸ் மரபுப் படம், அதாவது நிரலில் எந்த வகை (கிளாஸ்) எதிலிருந்து பிறந்தது என்று அம்புகளால் காட்டும் படம், திரையில் அடங்கவே இல்லை. சுருக்கினால் எழுத்து தெரியாது. பெரிதாக்கினால் அம்பு எங்கே போகிறதென்று தெரியாது. 24 ஏ4 தாள்களாகப் பிரித்து அச்சடித்துத் தரக் கேட்டோம், அவ்வளவுதான். அச்சு இயந்திரம் ஒவ்வொரு தாளிலும் ஓரத்தில் வெள்ளை விட்டிருந்தது. அங்கெல்லாம் அம்புகள் அறுந்து கிடந்தன. அக்கா ஓரங்களை வெட்டி, தாள்களைத் தரையில் பரப்பி ஒட்டி, அறுந்த கோடு ஒவ்வொன்றையும் ரூலர் வைத்துச் சிவப்புப் பேனாவால் இணைத்தார். கடை மூடும் நேரம் தாண்டி இரண்டு மணி நேரம் ஆனது. தாளுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

பிழை பிடிபட்டது அந்தச் சிவப்புக் கோடுகளில்தான். ‘ஈர உராய்வுக் கோளம்’ கிளாஸிலிருந்து இரண்டு கோடுகள் கிளம்பி, ஒன்று ‘ஈரக் கோளம்’ வழியாகவும் மற்றது ‘உராய்வுக் கோளம்’ வழியாகவும் போய், ‘கோளம்’ என்ற ஒரே பெட்டியில் சேர்ந்தன. நாம் எழுதும் சி பிளஸ் பிளஸ் மொழியில் இப்படி வைர வடிவம் அமைந்தால், மரபை வர்ச்சுவல் (பொது மூதாதை ஒரே பிரதிதான் என்று சொல்லும் குறி) என்று குறிக்காத வரை, ஒரே துகளுக்குள் ‘கோளம்’ இரண்டு பிரதிகளாக இருக்கும். இரண்டு நிறை, இரண்டு இடம், இரண்டு விசை. ஈரப்பசை விசை ஒரு பிரதியில் கூடிக்கொண்டே போனது. துகளை நகர்த்தும் பகுதி படித்ததோ மற்ற பிரதியை. ஈரக் குவியல் காய்ந்த மணல் போலச் சரிந்ததற்கு இதுதான் காரணம். எந்தப் பிரதி வேண்டும் என்று தெரியாமல் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) பிழை காட்டிய இடத்தில், ஸ்டாட்டிக் காஸ்ட் என்ற வகைமாற்றக் கட்டளை போட்டு ஒரு கிளையை நாமே தேர்ந்தெடுத்திருந்தோம். அதன் பிறகு எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

இப்போது வடிவம், பொருள் (துகள் எதனால் ஆனது), தொடுவிதி (தொடும்போது விசையைக் கணக்கிடும் விதி) மூன்றும் தனித்தனி கிளாஸ் குடும்பங்கள். துகள் இவற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது, இவற்றிலிருந்து பிறப்பதில்லை. 3 வடிவம், 4 பொருள், 3 விதி என்றால் பழைய முறையில் 36 கிளாஸ் வரை போகும். இப்போது 10 போதும். துகள்களைக் கணக்கிடும் யாடே என்ற திறந்த மூல நிரல் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. அணு, துகள் அசைவைக் கணக்கிடும் லாம்ப்ஸ் நிரலிடம் கற்றது இன்னொன்று: ஜோடி விசைக்கான வர்ச்சுவல் அழைப்பு (எந்த ஃபங்ஷன் என்று ஓடும்போதே முடிவாகும் அழைப்பு) ஒரு காலப்படிக்கு ஒருமுறைதான், அண்டைத் துகள்களைச் சுற்றும் லூப் அதற்குள்ளேயே ஓடும். ஒவ்வொரு தொடுகைக்கும் வர்ச்சுவல் அழைப்பு வைத்தால் கம்பைலரால் அதை இன்லைன் செய்ய, அதாவது அழைக்கும் இடத்திலேயே விரித்து வைக்க, பெரும்பாலும் முடிவதில்லை, வேகம் படுத்துவிடும்.

மூதாதை கிளாஸின் டிஸ்ட்ரக்டரில் (பொருளை அழிக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) வர்ச்சுவல் விடுபட்டதைக் கண்டு சொன்னவர், கான்ஸ்ட் என்ற ஒரு சொல் விடுபட்டதால் மூதாதையின் ஃபங்ஷனை ஓவர்ரைடு செய்யாமல் (அதன் இடத்தைப் பிடிக்காமல்) தனி ஃபங்ஷனாகக் கிடந்ததைப் பிடித்து எல்லா இடத்திலும் ஓவர்ரைடு என்று எழுத வைத்தவர், பழைய பெயர்களை மாற்றுப்பெயராக வைத்து எல்லோருடைய ஸ்கிரிப்டுகளையும் காப்பாற்றியவர், இரு கோளங்களை நேருக்கு நேர் மோதவிட்டு மொத்த உந்தம் (நிறை, திசைவேகம் இரண்டின் பெருக்கல்) மாறாததைச் சரிபார்க்கும் சோதனையை எழுதியவர், தோட்டத்து லயத்தில் வைஃபை தந்த குடும்பம், கோயில் மண்டபச் சாவியை நம்பிக் கொடுத்த தலைவர், இரவில் நாசி லெமாக் கட்டி அனுப்பிய அம்மாமார் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி எந்தக் குடும்பத்திலும் இரண்டு அடுக்குக்கு மேல் மரபு வைக்க மாட்டோம். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் படத்தைத் தாளில் அச்சடித்துப் பார்த்த பிறகே விடுவோம். புதிய படம் 6 தாளில் அடங்கிவிட்டது. அடுத்த முறை கடை மூடுவதற்கு முன்பே வந்துவிடுகிறோம், அக்கா.